கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் அற்றுப்போச்சு: மறுபடி விதைப்பது எப்படி? (வெள்ளகோவில் பக்கம், 7 ஏக்கர்)

செம்மண்காடு கேட்டது:

வணக்கமுங்க. வெள்ளகோவிலுக்குத் தெற்கே 7 ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு). சரளைச் செம்மண், ஒரு அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) தட்டும். கிணறு உண்டு, ஆனால் குடிக்கவும் மாட்டுத் தொட்டிக்கும்தான் காணும். பல வருடம் குத்தகையில் இருந்து, வருடம் பூராவும் ஆடு நின்றதில் புல் அற்றுவிட்டது. இப்போது ஆவாரையும் ஊசிப்புல்லும்தான் அதிகம். தாழ்வான மூலையில் பார்த்தீனியம், வேலியோரம் சீமைக்கருவேலம். கொழுக்கட்டைக் குத்து (புல் தூர்) அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. வெள்வேல மரம் 40 இருக்கும். முள்கிளுவை வேலி மூன்று பக்கம் கெட்டி, கிழக்குப் பக்கம் ஓட்டை.

உருப்படி: மேச்சேரி ஆடு 24, காங்கேயம் பசு 3.

போன ஆடியில் 10 கிலோ கொழுக்கட்டை விதை (மாசியில் பக்கத்துக் காட்டில் உருவியது) வீசி, மேலே டிராக்டரின் ஒன்பது கொத்துக் கலப்பையில் ஒரு ஓட்டு ஓட்டி மூடப்பட்டது. முளைத்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

விதை எவ்வளவு, எப்போது, உழுவதா வேண்டாமா, கூட என்ன கலக்கலாம், எத்தனை மாதம் அடைத்து வைக்க வேண்டும்? கோ 4 நேப்பியர் போடச் சொல்கிறார்கள், அது சரிவருமா?

---

வெள்வேல்நிழல் பதில்:

நேப்பியரை முதலிலேயே தள்ளிவிடுங்க. அது வாரம் ஒரு பாய்ச்சல் கேட்கும் பயிர். மானாவாரிச் சரளையில் முதல் கோடையிலேயே போய்விடும். அதுவும் அறுத்துப் போடும் தீவனம், மேய விடுவதற்கு இல்லை.

ஆடியில் போட்டது ஏன் முளைக்கவில்லை என்பதற்கு ஒரே காரணம் தேட வேண்டாம், நாலு காரணம் சேர்ந்திருக்கிறது.

கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. உருவிய பிறகு 6 முதல் 8 மாதம் போனால்தான் ஒழுங்காக முளைக்கும். மாசியில் எடுத்ததை ஆடியில் போட்டால் 5 மாதம்தான் ஆகிறது, பாதி விதை தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்தது ஆழம். இந்த விதை ஒரு செ.மீ.க்கு மேல் மண்ணை விரும்பாது, இரண்டு செ.மீ. தாண்டினால் மேலே வர முடியாது. ஒன்பது கொத்து போட்டு மூடினால் 8-10 செ.மீ. கீழே போய்விடும். அது விதைப்பு இல்லை, அடக்கம்.

மூன்றாவது காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் மண்ணையே தூக்கிக்கொண்டு போகும். முள்ளுறையோடு இருக்கும் பஞ்சு மாதிரி விதை எங்கே நிற்கும்? "ஆடிப்பட்டம் தேடி விதை" எல்லா ஊருக்கும் எல்லாப் பயிருக்கும் சொன்னதில்லை. நமக்கு வருடத்துக்கு 600 மி.மீ. சுற்றித்தான் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசி முதல் வாரத்திலிருந்து ஐப்பசி முதல் வாரம் வரைதான் இந்தப் புல்லுக்குப் பட்டம்.

நாலாவது அளவு. 7 ஏக்கருக்கு 10 கிலோ என்றால் ஏக்கருக்கு ஒன்றரைக் கிலோகூட இல்லை. சாலில் போட்டால் 3 கிலோ, வீசினால் 4 கிலோ வேண்டும். அதுவும் முளைப்பு 30 சதத்துக்குக் குறையாத விதைக்கு.

முளைப்புப் பார்ப்பது சுலபம். முள்ளுறையோடு 100 விதை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தெளித்து வாருங்க. 14 நாளில் எத்தனை முளை விட்டது என்று எண்ணுங்க. 15 வந்தால் விதை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். 10-க்குக் கீழே என்றால் அந்த விதையைக் காட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

ஆனால் விதை வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்க. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குச்சிச் சட்டம் கட்டி, காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 30 இடத்தில் கண்ணை மூடிப் போட்டு, உள்ளே உயிரோடு எத்தனை கொழுக்கட்டைக் குத்து என்று எழுதுங்க. காய்ந்த மாதிரி தெரிந்தாலும் குத்தின் அடியைக் கீறிப் பார்த்தால் பச்சை இருக்கும், அதுவும் கணக்குத்தான். சராசரி 2-க்கு மேல் இருந்தால் விதையே வேண்டாம், ஒரு பருவம் அடைத்தால் தானே நிறையும். அரையிலிருந்து 2 வரை என்றால் பட்டை பட்டையாக இடைவிதைப்பு. அரைக்குக் கீழே போனால்தான் முழுசாக உழுது விதைக்கும் வேலை. பயிராகப் போடும்போது 50-க்கு 30 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 6, 7 குத்து வரும். மேய்ச்சல் காட்டுக்கு 3 இருந்தால் நல்ல காடு.

---

தட்டுப்போர் பதில்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. உழவு பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

சட்டிக்கலப்பை வேண்டாம், சுக்கானை மேலே கொண்டுவந்து போடும். ரோட்டவேட்டரும் வேண்டாம். புழுதி ஆக்கினால் முதல் மழையிலேயே மேலே ஓடு கட்டிவிடும், கொழுக்கட்டை முளை அந்த ஓட்டைக் குத்திக்கொண்டு வராது.

முழுசாக விதைக்கும் இடத்தில் சித்திரை மழைக்குச் சரிவுக்குக் குறுக்கே ஒரு ஓட்டு போதும். பிறகு களை முளைக்கட்டும், விட்டுவிடுங்க. புரட்டாசியில் உழவு மழை, அதாவது ஒரு இஞ்சுக்குக் குறையாமல் ஒரே மழை பெய்த பிறகு, அந்தக் களை சாகிற மாதிரி மேலாக இன்னொரு ஓட்டு. இந்த இரண்டாவது ஓட்டில் ஒன்பது கொத்தில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றினால் 45 செ.மீ.க்கு ஒரு சால் விழும், அளவெடுக்கிற வேலையே இல்லை.

விதையைச் சாலின் அடியில் போடாதீங்க. அடுத்த மழையில் ஓரம் சரிந்து மூடிவிடும், பழையபடி ஆழப் பிரச்சினைதான். சாலின் தோளில், பக்கவாட்டுச் சரிவில் தூவுங்க. பிறகு வேலமுள் கொத்து ஒன்றைக் கட்டி இழுத்தால் போதும், அதற்கு மேல் மூட வேண்டியதில்லை. அதன் பிறகு ஈரம் கொஞ்சம் வாங்கியதும் ஆடுகளை ஒரே ஒரு தடவை சும்மா ஓட்டிக்கொண்டு போங்க. குளம்பு மிதித்தால் விதை மண்ணோடு ஒட்டும். மேய நிறுத்தக்கூடாது, நடந்து போனால் போதும். மண் சேறாக இருக்கும்போதும் விடாதீங்க.

வெறும் விதையைக் கையால் தூவினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழும். விதை 1 கிலோ, சாணி 1 கிலோ, களிமண் அல்லது புற்றுமண் 3 கிலோ, மணல் 1 கிலோ, பிசைகிற அளவு தண்ணீர். பட்டாணி அளவுக்கு உருட்டி நிழலில் காய வைத்தால் தூவவும் சுலபம், எறும்பும் அவ்வளவாக இழுக்காது, காற்றுக்கும் நிற்கும். பெரிசாக உருட்டாதீங்க. நெல்லிக்காய் அளவு உருண்டை வெளியே நனைந்து உள்ளே காய்ந்தே கிடக்கும். உருட்டப் பொறுமை இல்லை என்றால் ஒரு கிலோ விதைக்கு 10 கிலோ ஈரமணல் கலந்து தூவுங்க. அதுவும் நடக்கும், எறும்புக்கு மட்டும் தப்பாது.

விதை ரகம் பற்றி: வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக்கொழுக்கட்டை கோ 1 உயரமாக வளரும், மாட்டுக்கு நல்லது. ஆட்டின் பல்லுக்கு நம் பக்கத்துக் கருங்கொழுக்கட்டைதான் தாங்கும். குட்டை, விளைச்சல் குறைவு, ஆனால் ஒட்ட மேய்ந்தாலும் குத்து சாகாது. உங்களிடம் ஆடு 24 இருக்கும்போது பாதிக்காவது கருங்கொழுக்கட்டை இருக்கட்டும்.

---

பயறுவகை பதில்:

கூடக் கலப்பதற்கு முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச்செடி. மூன்று சால் புல்லுக்கு ஒரு சால் முயல்மசால், ஏக்கருக்கு ஒரு கிலோ. வேலிமசாலைச் சிலர் சொல்வார்கள், தண்ணீர் இல்லாத இடத்தில் அது வேண்டாம்.

முயல்மசால் விதைத்தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் பாதிக்கு மேல் கிடந்து அடுத்த வருடம்தான் முளைக்கும். 80 டிகிரி சுடுநீரில் 4 நிமிடம் வைக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீர் 5 பங்கு, பச்சைத் தண்ணீர் 2 பங்கு கலந்தால் கிட்டத்தட்ட 80 வரும். ஒரு கிலோ விதையைத் துணிப்பையில் கட்டி, 7 லிட்டர் அந்தத் தண்ணீரில் முக்கி, 4 நிமிடத்தில் எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். நேராகக் கொதிநீரில் போட்டு மறந்துவிட்டால் அவித்த விதைதான் கிடைக்கும். மறுநாள் நிழலில் உலர்த்தி, பயறுக்குப் போடும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து பூசி, அன்றே விதைத்துவிட வேண்டும்.

உரம் என்று பார்த்தால் முதலில் மணிச்சத்து. முழுப் பரிந்துரைப்படி ஏக்கருக்கு 100 கிலோ சூப்பர் பாஸ்பேட் வரும். மேய்ச்சல் காட்டுக்கு 50 கிலோ மூட்டை ஒன்று போதும், அதையும் முயல்மசால் சாலில் மட்டும் போடுங்கள். யூரியாவை விதைக்கும்போது போடவே கூடாது, ஆவாரையும் பார்த்தீனியமும்தான் தின்னும். புல் தூர் கட்டிய பிறகு, 30-35 நாளில், மழை ஈரம் இருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ. ஈரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கொழுக்கட்டை விதை உறக்கம் போக ஒரு சதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் (லிட்டருக்கு 10 கிராம்) 48 மணி நேரம் ஊற வைக்கும் முறையும் உண்டு. மண்ணில் ஈரம் உறுதியாக இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள். ஊற வைத்த விதையைக் காய்ந்த மண்ணில் போட்டால் முளை விட்டுக் கருகும். அவசரம் இல்லாதவர்களுக்குப் பழைய விதை வாங்குவதே மேல். போன தை, மாசியில் உருவியதை இந்தப் புரட்டாசிக்குப் போடலாம்.

---

செம்மண்காடு:

நன்றிங்க. சட்டம் போட்டு 30 இடம் எண்ணியாச்சு. மேட்டுப்பக்கம் 4 ஏக்கரில் சராசரி 1.3 குத்து. தாழ்வுப்பக்கம் 3 ஏக்கரில் 0.2. இரண்டு கேள்வி. ஒன்று, தாழ்வில் வெளியூர்ப் பட்டி ஆடு 500 உருப்படி கொண்டுவந்து ராத்திரி அடைத்து மறிக்கச் சொல்கிறார்கள், உரம் ஆகும் என்று. இரண்டு, புல்லோடு சோளம் கலந்து விதைத்தால் நிழலும் ஆகும், மாட்டுக்குக் காய்ந்த தட்டும் ஆகும் என்கிறார்கள்.

---

பட்டிப்படல் பதில்:

பட்டி மறிப்பது உரத்துக்கு நல்லதுதான். ஒரு ஆட்டுக்கு இரவில் ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்தால் 500 ஆடு ஒரு ராத்திரிக்கு 750 சதுர மீட்டர், ஏக்கருக்கு 5, 6 ராத்திரி. ஆனால் அந்த ஆடு முந்தின வாரம் எங்கே மேய்ந்தது என்று கேளுங்க. சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடு என்றால் புழுக்கையில் விதை முழுசாக இறங்கும், முளைக்கத் தயாராக. ஒரு மூலையில் இருக்கும் தொல்லையை 3 ஏக்கருக்கும் நீங்களே கூலி கொடுத்து விதைத்த மாதிரி ஆகும். காய் உதிரும் காலத்தில் வெளி ஆடு வேண்டவே வேண்டாம். உங்கள் 24 ஆட்டைப் படல் கட்டி மாற்றி மாற்றி அடைத்தால் ஒரு ராத்திரிக்கு 36 சதுர மீட்டர்தான். அதனால் காடு முழுக்கக் கணக்குப் போடாமல், மண் வெளிறிப்போன சொட்டை இடங்களை மட்டும் பார்த்து அடையுங்க. இதே வழியில் நன்மையும் உண்டு: கோடையில் வெள்வேலங்காய் போட்டால் அந்தப் பட்டி இடத்தில் வெள்வேலம் தானாக முளைக்கும். நாற்று வாங்கி வைப்பதைவிட அதுதான் நன்றாக நிற்கும்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும். மழை ஈரத்தில் தூரோடு, வேர்க்கழுத்துக்குக் கீழே ஒரு அடி தோண்டி எடுக்கணும். பார்த்தீனியத்தைப் பூ விடுவதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்குங்க. புல் அடைத்துக்கொண்டால் அது தானே ஒதுங்கும். ஆவாரையை மொத்தமாக அழிக்காதீங்க, சரிவில் மண் பிடிக்கப் பட்டையாகக் கொஞ்சம் விட்டுவையுங்க.

சோளம் கலப்பது எனக்கு ஒப்பவில்லை. அடர்த்தியாக விதைத்தால் ஈரத்தை அது குடித்துவிடும், கீழே புல் நூலாக நிற்கும். கேட்டே ஆகணும் என்றால் ஏக்கருக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

---

தட்டுப்போர்:

2 கிலோ சோளத்துக்கு நான் சரி என்பேன், சொட்டைக்காட்டில் இளம்புல்லுக்குக் கொஞ்சம் மறைவு தேவை. ஆனால் அறுப்பைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடணும்.

---

கால்நடைப்பை பதில்:

சோளம் கலக்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. முழங்கால் உயர இளஞ்சோளத்திலும், மழை தவறி வாடிய பயிரிலும், அறுத்த பின் வரும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு உண்டு. பசியோடு போகும் மாடு பத்து இருபது நிமிடத்தில் மூச்சிரைத்து, நுரை தள்ளி, கிறங்கி விழும். பூ எடுத்த பிறகுதான் பச்சையாகக் கொடுக்கலாம். நன்றாகக் காய்ந்த தட்டில் பயம் இல்லை. விழுந்துவிட்டால் நாட்டு மருந்து தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், சோடியம் தயோசல்பேட் ஊசிக்கு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி யாரும் தொடாத கணக்கு. 30 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 900 கிராம் உலர்தீவனம் வேண்டும். 24 ஆட்டுக்கு 21.6 கிலோ. 320 கிலோ பசு ஒன்றுக்கு 8 கிலோ, மூன்றுக்கு 24. மொத்தம் 46 கிலோ, வருடத்துக்குப் பதினாறரை டன்னுக்கு மேல். நன்றாகப் புல் பிடித்த மானாவாரிக் காட்டில் ஏக்கருக்கு ஒன்றரை டன் உலர்புல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், 7 ஏக்கருக்கு பத்தரை டன். அதில் பாதியைத்தான் தின்னக் கொடுக்கலாம், மீதிப் பாதி குத்து உயிரோடிருக்க வேண்டும். ஐந்தேகால் டன்னை 46-ஆல் வகுத்தால் 114 நாள். அதாவது எல்லாம் சரியாக நடந்தாலும் இந்தக் காடு இந்த உருப்படிகளுக்கு நாலு மாதத் தீவனம். மீதி எட்டு மாதத்துக்குத் தட்டு, கடலைக்கொடி, கொள்ளுப்பொட்டு, மரத்தழை. இது தெரியாமல் வருடம் பூராவும் நிறுத்தினால் எந்த விதை போட்டாலும் மூன்றாம் வருடம் இதே கேள்வியோடு வர வேண்டியிருக்கும். புல் செத்தது விதை இல்லாமல் இல்லை, ஓய்வு இல்லாமல்.

---

வெள்வேல்நிழல்:

கணக்கு சரிங்க. அதை வைத்தே இந்த வருடத்துக்கு வேலையைப் பிரிக்கலாம்.

தாழ்வு 3 ஏக்கர் முழு விதைப்பு: கொழுக்கட்டை 9 கிலோ, முயல்மசால் 3 கிலோ, சூப்பர் 3 மூட்டை. மழைத் தண்ணீர் தேங்குகிற குழி இருந்தால் வடிய வழி விடுங்க. கொழுக்கட்டை வறட்சியைத் தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. விதைத்த நாளிலிருந்து தை வரை ஒரு உருப்படியும் உள்ளே போகக் கூடாது. கதிர் விட்டு, விதை பழுத்து உதிர்ந்த பிறகு ஒரு சோதனை: குத்தைக் கையால் கொத்தாகப் பிடித்து, ஆடு இழுக்கிற மாதிரி வெடுக்கென்று இழுங்க. இலை அறுந்தால் விடலாம். வேரோடு வந்தால் இன்னும் ஒரு மழை பார்க்கணும். பத்து இடத்தில் ஒன்றில் வேரோடு வந்தாலும் பொறுங்க.

மேடு 4 ஏக்கரை இந்த வருடம் உழ வேண்டாம். 1.3 குத்து இருப்பதால் விதை உதிர ஒரு வாய்ப்புக் கொடுத்தாலே பாதி வேலை முடியும். புரட்டாசி முதல் மார்கழி வரை அங்கே ஆட்டை விடாமல் பசு மூன்றை மட்டும் விடுங்க. மாடு நாக்கால் சுருட்டி மேலாக அறுக்கும், ஆடு குத்தின் கழுத்துவரை கடிக்கும். அதையும் நாலாகப் பிரித்து, புல் 30 செ.மீ. வந்த பாத்தியில் விட்டு, 10 செ.மீ.யில் வெளியே எடுத்தால் ஒவ்வொரு பாத்திக்கும் மூன்று நாலு வாரம் ஓய்வு கிடைக்கும். கதிர் விடும்போது ஒரு பாத்தியையாவது தொடாமல் விடுங்க, அடுத்த வருட இடைவிதைப்புக்கு விதை அங்கிருந்தே உருவலாம். விதை ஒரே நாளில் பழுக்காது. வாரம் ஒரு தடவை கதிரை விரலிடுக்கில் வைத்து லேசாக உருவினால் பழுத்தது மட்டும் கையோடு வரும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் அது இன்னும் பால்.

ஆடு 24-க்கும் அந்த நாலு மாதத்துக்கு இரண்டரை டன்னுக்கு மேல் உலர்தீவனம் சேர்க்க வேண்டியிருக்கும். தட்டு மட்டும் போட்டால் ஆடு இளைக்கும், மூன்றில் ஒரு பங்காவது கடலைக்கொடி இருக்கட்டும். அவ்வளவு தேறாது என்றால் விற்கிற கிடாய்களை ஆவணியிலேயே விற்றுக் குறைத்துவிடுங்க.

கிழக்கு வேலி ஓட்டையை விதைக்கும் முன் அடையுங்க. முள்கிளுவைப் போத்து (நடும் கிளைத்துண்டு) பிடிக்க ஒரு பருவம் ஆகும், அதுவரை வேலமுள் வைத்துக் கட்டுங்க. ஓட்டை வழியாக ராத்திரி பத்து ஆடு வந்தால் இளம்புல் காலையில் இருக்காது.

---

செம்மண்காடு:

சரிங்க. பக்கத்துக் காட்டில் போன தையில் உருவிய கருங்கொழுக்கட்டை 6 கிலோ சாக்கில் இருக்கிறது. 100 எண்ணி நனைச்சாக்கில் வைத்திருக்கிறோம். 14-ஆம் நாள் எண்ணிக்கையை இங்கேயே போடுகிறேன்.